மித்தியின் தலைமாடும் கால்மாடும்

மும்பையில் மாநகராட்சியின் தமிழ்வழிப் பள்ளி ஒன்றில் பதினான்கு ஆண்டுகளாக ஓவிய ஆசிரியையாக இருக்கிறேன். என் வகுப்புப் பிள்ளைகளில் பெரும்பாலோர் தாராவியில் வசிப்பவர்கள். அவர்களுடைய தாத்தாக்களும் கொள்ளுத்தாத்தாக்களும் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து தோல் பதனிடும் வேலைக்காக இங்கே வந்தவர்கள். உங்கள் ஆறு எது என்று கேட்டால் தாமிரபரணி என்பார்கள். மித்தி என்று ஒரு பிள்ளையும் சொன்னதில்லை. வீட்டு வாசலிலிருந்து சிறிது தூரம் நடந்தால் அதன் கரை வந்துவிடும் என்றாலும், பிளாஸ்டிக்கும் சாயக்கழிவும் சுமந்து கறுப்பாக நகரும் அந்த நீரை அவர்கள் 'நாலா', அதாவது சாக்கடைக் கால்வாய், என்ற பெயரில்தான் அறிந்திருக்கிறார்கள்.

அந்த நீருக்கு ஒரு தலைமாடு உண்டு. விகார், பவாய் ஆகிய இரண்டு ஏரிகளும் நிரம்பி வழிகிற நீரே மித்தியாகத் தொடங்கி, ஆரேக் காட்டின் ஓரமாக இறங்கி, ஏறத்தாழ 18 கிலோமீட்டர் ஓடி, தாராவியை ஒட்டி மாஹிம் கழிமுகத்தில் கலக்கிறது. 2005 ஜூலை 26 அன்று சாந்தாகுரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை கொட்டியபோது இந்த ஆறு எங்கள் பக்கத்து வீடுகளுக்குள் புகுந்ததை என் மாணவர்களின் தாய்மார்கள் இன்றும் தேதி பிசகாமல் சொல்கிறார்கள். மேலே மரமும் புல்லும் மழையைப் பிடித்துவைத்து மெல்ல விட்டால்தான் கீழே இருப்பவர்களுக்கு மூச்சுவிட நேரம் கிடைக்கும். ஆகவே ஆரேயில் ஒரு மரம் நிற்பதும் விழுவதும் தாராவிக்காரர்களின் வீட்டு விஷயம் என்ற எண்ணத்தோடுதான் பிள்ளைகளோடு ஆரேயில் மரம் நடும் இந்த வேலையில் நான் இறங்கினேன். எண்ணம் சரியானதுதான், இறங்கிய விதம் தவறாகப் போயிற்று. அதையும், பிறகு நாங்கள் கற்றுக்கொண்டதையும் ஒளிக்காமல் எழுதிவைக்க விரும்புகிறேன்.

ஆரே என்றதும் பலருக்கும் பால்தான் நினைவுக்கு வரும். 1949-இல் நகரத்து மாட்டுத் தொழுவங்களை ஓரிடத்தில் சேர்க்கும் பொருட்டு அங்கே பால் குடியிருப்பு அமைக்கப்பட்டது. அதற்கும் முன்பிருந்தே வார்லி, கொக்னா, மல்ஹார் கோலி முதலிய பழங்குடி மக்கள் அந்த நிலத்தில் வாழ்ந்துவருகிறார்கள். இன்று அங்கே அவர்களுடைய 27 பாடாக்கள், அதாவது சிற்றூர்கள், இருப்பதாகச் சொல்லப்படுகிறது. மழைக்காலத்தில் கொஞ்சம் நெல், கொஞ்சம் காய்கறி, வேலியோரம் கீரை, காட்டில் பூவும் காயும் கிழங்கும் என்பது அவர்களுடைய வாழ்க்கை முறை. சிறுத்தையை அவர்கள் வாகோபா என்ற தெய்வமாக வணங்குகிறார்கள். சஞ்சய் காந்தி தேசியப் பூங்காவை ஒட்டிய அந்தக் காட்டில் சிறுத்தைகள் இன்னும் நடமாடுவதற்கும் அந்த வணக்கத்துக்கும் தொடர்பு இருக்கிறது என்றே நான் நம்புகிறேன்.

மெட்ரோ ரயிலுக்கான பணிமனை அங்கே அமையும் என்ற அறிவிப்பும் அதை எதிர்த்த போராட்டமும் ஊரறிந்தவை. 2019 அக்டோபர் 4 அன்று மும்பை உயர்நீதிமன்றம் மனுக்களைத் தள்ளுபடி செய்தது. அன்று இரவே மரங்கள் வெட்டப்பட்டன. சட்ட மாணவர்களின் கடிதத்தை ஏற்று 7-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் வெட்டுவதை நிறுத்தச் சொன்னபோது 2,000-க்கும் மேற்பட்ட மரங்கள் சாய்ந்துவிட்டிருந்தன. அடுத்து வந்த அரசு பணிமனையை வேறிடத்துக்கு மாற்றியது. 2021-இல் ஆரேயில் 812 ஏக்கர் வனத்துறையிடம் ஒப்படைக்கப்பட்டது. 2022-இல் வந்த அரசு பணிமனையை மீண்டும் ஆரேக்கே கொண்டுவந்தது. வெட்டிய மரங்களுக்கு ஈடாகக் கன்றுகள் நடப்படும் என்ற உறுதிமொழி அந்த ஆண்டுகளில் திரும்பத் திரும்பக் கேட்டது. நானும் அந்த வார்த்தையை நம்பி, கன்று நட்டால் காடு வந்துவிடும் என்று எண்ணிய ஒருத்திதான்.

2022 ஆகஸ்ட் மாதம், ஒரு நிறுவனம் நன்கொடையாகக் கொடுத்த 150 கன்றுகளோடும் நாற்பது பிள்ளைகளோடும் நாங்கள் ஒரு பாடாவுக்குப் போனோம். பாடாவின் பெயரை அங்கிருப்பவர்கள் கேட்டுக்கொண்டபடி இங்கே எழுதவில்லை. கறுப்பு பாலித்தீன் பையில் வேர் சுருண்டுகிடந்த கன்றுகள் அவை. பாதிக்குமேல் குல்மொஹர், மீதி சூபாபுலும் கிளிரிசிடியாவும். மூன்றுமே கடல் கடந்து வந்த மரங்கள் என்பதை அன்று நான் யோசிக்கவே இல்லை. குழி தோண்ட எளிதாக இருந்த புல்சரிவைத் தேர்ந்தெடுத்தோம். அது பாடாவின் ஆடுகள் மேயும் இடம் என்பது பிறகுதான் தெரிந்தது. நட்டு முடித்த பிறகு, சமூகக்கூடத்தின் சுவரில் பிள்ளைகளோடு சேர்ந்து 'வார்லி பாணி'யில் ஒரு பெரிய ஓவியம் வரைந்தேன்: நடுவில் மரம், மரத்தைச் சுற்றிக் கைகோத்து ஆடும் மனிதர்கள். எல்லோரும் கைதட்டினோம், படம் எடுத்துக்கொண்டோம், வீடு திரும்பினோம்.

மும்பையில் அக்டோபர் தொடக்கத்தில் மழை விடைபெற்றால் அடுத்த ஜூன் வரை ஏறக்குறைய எட்டு மாதம் வானம் வறண்டுதான் கிடக்கும். அந்த எட்டு மாதத்தில் நான் ஒரே ஒரு முறை போனேன். ஆடுகள் தின்றது போக, பிப்ரவரியில் புல்லில் பிடித்த தீ தின்றது போக, வெயிலில் கருகியது போக, அடுத்த மே மாதம் 9 கன்றுகள் மிஞ்சின.

அந்த மே மாதம்தான் ஆஜியோடு முதன்முதலாக உட்கார்ந்து பேசினேன். பாடாவில் வயதில் மூத்த பெண்மணி. எல்லோரும் ஆஜி, அதாவது பாட்டி, என்றே அழைப்பதால் நானும் அப்படியே அழைக்கிறேன். கன்றுகளைப் பற்றி அவர் ஒரு சொல்லும் குறையாகச் சொல்லவில்லை. சுவரைக் காட்டி, "பாயி, உங்கள் ஆட்கள் எல்லோரும் தார்ப்பாவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறார்களே" என்றார். எனக்கு விளங்கவில்லை. அவர் ஒரு குச்சியை எடுத்து மண்ணில் வரைந்து காட்டினார். சுரைக்குடுக்கையும் மூங்கிலும் சேர்த்துச் செய்யும் தார்ப்பா என்ற ஊதுகருவியை வாசிப்பவர் நடுவில் நிற்பார். ஆடுபவர்கள் அவரைச் சுற்றி ஒருவரையொருவர் பின்பற்றிச் சுருளாக நகர்வார்கள். அந்தச் சுருள் ஒருபோதும் மூடிக்கொள்ளாது. யாரும் தார்ப்பாவுக்கு முதுகு காட்டக் கூடாது. நாங்கள் வரைந்ததோ மூடிய வட்டம், அதிலும் வெளியே பார்க்கும் முகங்கள். சுவரின் சொந்தக்காரர்களைக் கேட்காமல், அவர்களுடைய மொழியில், பிழையோடு ஒரு வாக்கியத்தை எழுதிவிட்டு வந்திருக்கிறேன் என்பது அப்போதுதான் உறைத்தது. கன்றுகளையும் அப்படியேதான் நட்டிருந்தேன்.

வார்லி ஓவியம் என்று நாம் சேலையிலும் தேநீர்க் கோப்பையிலும் பார்ப்பது எங்கே தொடங்கியது என்பதைச் சொல்லியாக வேண்டும். திருமண வீட்டின் சுவரில் மண்ணும் சாணமும் மெழுகி, காவி பூசி, அரிசியை அரைத்த வெள்ளைக் குழம்பைத் தொட்டு, நுனி மென்ற மூங்கில் குச்சியால் சுமங்கலிப் பெண்கள் 'சௌக்' என்ற சதுரத்தை வரைவார்கள். அதன் நடுவில் செடிகொடிகளின் தாயான பாலகாட் தேவி வந்து அமர வேண்டும். அவள் வராமல் திருமணம் நடவாது. தவளேரி எனப்படும் பெண் பூசாரிகள் பாட, பல கைகள் சேர்ந்து வரைகின்ற சடங்கு அது. அதைத் தனியொருவர் கையெழுத்திட்டுத் தாளிலும் துணியிலும் வரையும் வழக்கம் 1970-களில்தான் வந்தது. பால்கர் மாவட்டத்து கஞ்சாட் கிராமத்தைச் சேர்ந்த ஜிவ்யா சோமா மாஷே அதை உலகறியச் செய்தார், 2011-இல் பத்மஸ்ரீ பெற்றார், 2018-இல் மறைந்தார். சுவரில் வரைந்த சௌக்கை யாரும் பாதுகாத்து வைப்பதில்லை. அடுத்த சடங்குக்கு அதன்மேல் மறுபடி மெழுகுவார்கள், மறுபடி வரைவார்கள்.

இதைக் கேட்டபோது எனக்கு என் அம்மாவின் மாக்கோலம் நினைவுக்கு வந்தது. ஊறவைத்த பச்சரிசியை மைய அரைத்து, துணித் துண்டை அதில் நனைத்து விரலிடுக்கில் பிடித்து, செம்மண் பூசிய தரையில் இழை இழையாக இழுப்பார். அதுவும் பெண்கள் கை வேலை, அதுவும் நெல்லின் குழம்பு, அதுவும் நிலைப்பதற்காக வரையப்படுவதில்லை. ஆஜியிடம் சொன்னேன். அவர் உடனே கேட்ட கேள்வி, "எந்த அரிசி?" என்பது.

பங்கேற்புக் கலை என்று நாங்கள் ஆசிரியர் பயிற்சியில் படித்ததையெல்லாம் அந்தக் கோடையில் திரும்ப நினைத்துப் பார்த்தேன். ஜெர்மனியின் காசெல் நகரில் ஜோசஃப் பாய்ஸ் 1982-இல் தொடங்கி வைத்த 7,000 ஓக் மரங்கள் பற்றி என் வகுப்பில் ஆண்டுதோறும் சொல்வேன்: ஒவ்வொரு மரத்துக்கும் அருகே ஒரு கருங்கல் தூண் நடப்பட்டது, ஊர் மக்களே நட்டார்கள், 1986-இல் பாய்ஸ் இறந்த பிறகு, 1987-இல் கடைசி மரத்தை அவருடைய மகன் நட்டார். மகத்தான வேலைதான். ஆனால் அது நகரத்தார் தங்கள் நகரத்துக்குச் செய்துகொண்டது. தலைமுறைகளாக ஒரு நிலத்தைப் பார்த்துக்கொள்ளும் மக்களிடம் போய் அதே வித்தையைக் காட்டினால், அவர்கள் நம்முடைய படைப்புக்குக் கூலியாட்களாகிவிடுவார்கள். எனக்கு நெருக்கமாகப் பட்டது மும்பைக் கலைஞர் நவ்ஜோத் அல்தாஃப் சத்தீஸ்கரின் பஸ்தரில் செய்தது. 1990-களின் பிற்பகுதியிலிருந்து அவர் கொண்டாகாவ் பகுதிப் பழங்குடிக் கலைஞர்களோடு சேர்ந்து, பெண்கள் தண்ணீர் எடுக்கும் அடிகுழாய்த் தளங்களை அவர்களுடைய உடலுக்கும் குடத்துக்கும் ஏற்றபடி மாற்றிக் கட்டியிருக்கிறார். சிறுவர்கள் கூடுவதற்கான இடங்களை அமைத்திருக்கிறார். பல ஆண்டுகள் அங்கேயே போய் வந்து, கேட்டு, சேர்ந்து செய்த வேலை அது. கலைஞர் எத்தனை முறை திரும்பி வந்தார் என்பதே இதில் முக்கியமான கணக்கு என்று எனக்குத் தோன்றியது.

2023 ஜூன் மாதம் வெறுங்கையோடு போனோம். கையில் இருந்தது ஆறு முழ அகலத்துக்குத் தைத்த காடாத் துணி மட்டும். அதற்குச் சாணமும் காவியும் பூசிக் காயவைத்தவர்கள் பாடாவின் பெண்கள். பிறகு நான்கு ஞாயிற்றுக்கிழமைகள், அவர்கள் சொல்லச் சொல்ல, அவர்களும் அவர்களுடைய பிள்ளைகளும் எங்கள் பிள்ளைகளும் சேர்ந்து அந்த நிலத்தைத் துணியில் வரைந்தோம். கிணறு, ஓடை வறண்டாலும் ஊறும் குழி, நெல் வயல், ஆடு மேயும் சரிவு, தீ வழக்கமாக ஏறிவரும் பக்கம், மழைக்காலக் கீரை முளைக்கும் மேடு, நாவல் மரத்தடி என்று ஒவ்வொன்றாக வந்து அமர்ந்தது. 'அந்த மரம்' என்று எங்கள் பிள்ளைகள் சொன்ன ஒவ்வொன்றுக்கும் பாடாவின் பிள்ளைகளிடம் தனிப்பெயர் இருந்தது. யார் வீட்டுத் தாத்தா எதிலிருந்து விழுந்தார் என்பதும் சேர்ந்தே இருந்தது.

துணியின் ஒரு மூலையில் இரண்டு கையகலம் வெறுமையாகக் கிடந்தது. அங்கே என்ன வரைவது என்று ஒரு மாணவி குச்சியை நீட்டியபோது ஆஜி அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். மெல்லத்தான் பிடித்தார், ஆனால் விடவில்லை. "அது அப்படியே இருக்கட்டும்" என்றார். அங்கே இருப்பது தெய்வத்தின் இடமா, மருந்துச் செடியின் இடமா என்று நாங்கள் கேட்கவில்லை, அவர்களும் சொல்லவில்லை. அந்த வெற்றிடம் இன்றும் வெற்றிடமாகவே இருக்கிறது. எங்கள் பள்ளியின் பிற ஆசிரியர்களைப் பாடாவுக்கு அழைத்துப்போய் இந்தத் துணியைக் காட்டும்போதெல்லாம் முதலில் அதைத்தான் காட்டுகிறேன்.

இப்படி வரைந்த நிலப்படம் அழகுக்கு மட்டும் என்று நினைத்துவிடக் கூடாது. 2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம், காட்டைக் காக்கவும் மீட்டெடுக்கவும் நிர்வகிக்கவும் கிராமச் சமூகத்துக்கு உரிமை உண்டு என்கிறது. அதன் விதிகள், கிணறு, இடுகாடு, புனிதத் தலங்கள் போன்றவற்றையும் முதியோர் வாக்குமூலத்தையும் சான்றாக ஏற்கின்றன. மகாராஷ்டிரத்தின் கட்சிரோலி மாவட்டத்தில் மேண்டா லேகா என்ற கோண்டு கிராமம் 2009-இல் அத்தகைய சமூக உரிமையைப் பெற்றது. ஆரே சட்டப்படி காடா, இல்லையா என்பதே நீதிமன்றங்களில் இழுபட்ட கேள்வி என்பதால் அங்கே பாதை அவ்வளவு நேரானதாக இல்லை. ஆனாலும், எந்த மரம் யாருடைய நினைவில் எந்த இடத்தில் நிற்கிறது என்பதை ஊரே கூடி வரைந்து வைத்திருப்பது அந்த மக்களின் கையில் ஒரு பலம். அதனால்தான் துணி அவர்களிடம் இருக்கிறது. என்னிடம் இருப்பது ஒரு நிழற்படம், அதுவும் வெற்றிடம் உள்ள மூலையைச் சேர்க்காதது.

எங்கே நடலாம், எங்கே கூடாது என்பதைத் துணிதான் முடிவு செய்தது. ஆடு மேயும் சரிவு விலக்கப்பட்டது. கீரை மேடு விலக்கப்பட்டது. ஓடையோரமும், முன்பு மண் அள்ளிப் பள்ளமான ஓரிடமும், இரண்டு வீடுகளின் பின்புறமும் என்று மொத்தம் 46 குழிகளுக்குத்தான் இடம் கிடைத்தது. 46 தானா என்று எனக்கு மனம் சுருங்கியது உண்மை. மரங்களையும் அவர்களே சொன்னார்கள்: ஐன் என்று அவர்கள் அழைக்கும் கருமருது, உம்பர் என்னும் அத்தி, கரஞ்ச் என்னும் புங்கம், பளஸ் என்னும் புரசு, எல்லாவற்றுக்கும் மேலாக மோஹ, அதாவது நம் இலுப்பையின் நெருங்கிய உறவு. கருமருதின் தழை நாற்றங்காலில் எரிக்க உதவும் என்பதால் வார்லிகளின் நெல் விவசாயத்தில் அதற்குப் பழைய இடம் உண்டு. வெள்ளையர் காலத்து வனத்துறைக்கும் அவர்களுக்கும் இந்தத் தழைக்காகவே சண்டை நடந்திருக்கிறது. மோஹ மரத்தின் பூ உணவு, விதை எண்ணெய். அதன் விதையைக் கடையில் வாங்கிச் சேர்த்து வைக்க முடியாது. மழை தொடங்கும்போது விழும் அது சில வாரங்களிலேயே முளைக்கும் திறனை இழந்துவிடும். பொறுக்கிய கையோடு மண்ணில் இட வேண்டும். ஆகஸ்டில் பையோடு வந்த எங்களுக்கு இந்தக் கணக்கு எங்கிருந்து தெரிந்திருக்கும்?

ஒவ்வொரு குழியிலும் விதையோ கன்றோ வைக்கும் முன்பு, அந்த இனத்தின் வளர்ந்த மரத்தடியிலிருந்து ஒரு பிடி மண்ணைக் கொண்டுவந்து போடச் சொன்னார் ஆஜி. வேரோடு சேர்ந்து வாழும் பூஞ்சைகள் அந்த மண்ணில் இருப்பதால் கன்று விரைவில் ஊன்றிக்கொள்ளும் என்பது அறிவியல் சொல்லும் காரணம். எனக்கோ அந்தக் கணத்தில் புதுக்கோட்டைப் பக்கத்தில் இருக்கும் என் அம்மா ஊர்தான் கண்முன் வந்தது. அங்கே அய்யனார் கோயிலுக்குப் புரவி எடுப்பதென்றால், ஊர்ப் பெரியவர்கள் முதலில் வேளாரிடம் பிடிமண் கொடுப்பார்கள். அந்தப் பிடி மண்ணைச் சேர்த்துத்தான் வேளார் மண்குதிரையை வனைவார். ஊரே தோளில் சுமந்துபோய்க் கோயில்காட்டில் நிறுத்தும். அந்தக் காட்டில் ஒரு சுள்ளியைக்கூட ஒடிக்க மாட்டார்கள். குதிரைகள் மழையில் கரைந்து மண்ணோடு மண்ணாகும், அடுத்த முறை மறுபடியும் பிடிமண். பங்கேற்புக் கலையால் ஒரு காடு நிற்கும் என்பதற்குச் சான்று தேடி நான் ஜெர்மனி வரைக்கும் போயிருக்க வேண்டியதே இல்லை. சிறுவயதில் அந்தச் சுமையின் ஓரத்தில் என் கையும் பட்டிருக்கிறது.

நடுவதைவிட அதற்குப் பிந்தைய கோடைதான் கடினம். தாராவியின் கும்பார்வாடாவில், சௌராஷ்டிரத்திலிருந்து வந்து குடியேறிய குயவர்கள் இன்றும் சூளை வைத்திருக்கிறார்கள். அவர்களிடம் சுட்ட மண்பானைகள் வாங்கினோம். அடியில் சிறு துளையிட்டு, பருத்தித் திரியைச் செருகி, கன்றுக்கு ஒரு சாண் தள்ளிக் கழுத்து மட்டும் வெளியே தெரியும்படி புதைத்தோம். ஒருமுறை நிரப்பினால் மூன்று நான்கு நாட்களுக்கு நீர் கசிந்துகொண்டிருக்கும். பானையைச் சுமந்து வருவதும் நிரப்புவதும் எங்கள் வேலை. ஞாயிறுதோறும் இரண்டு குடும்பங்கள் என்று தாராவியில் முறை வைத்துக்கொண்டோம். வாரத்தின் நடுவில் பாடாவின் பிள்ளைகள் பார்த்துக்கொள்வார்கள்.

யார் எப்போது நிரப்பினார்கள் என்ற குழப்பம் இரண்டாவது வாரமே வந்துவிட்டது. நோட்டுப் புத்தகம் வைத்தோம், தொலைந்தது. பாடாவின் ஒரு மருமகள்தான் வழி சொன்னார்: நிரப்பியவர் பானையின் கழுத்தில் அரிசிக் குழம்பால் ஒரு குறி வரைந்துவிட்டுப் போக வேண்டும். வெயிலிலும் காற்றிலும் பனியிலும் அது சில நாட்களில் மங்கிவிடும். மங்கிய குறியைக் காண்பவர் அதைத் துடைத்து, நீர் நிரப்பி, புதிதாக வரைய வேண்டும். நாற்பத்தாறு பானைகளிலும் இப்படி மீனும் மயிலும் மனிதர்களும் ஏணியும் எறும்பும் தோன்றி மறைந்துகொண்டே இருந்தன. குழம்பை நக்க நிஜ எறும்புகளும் வந்தன, யாரும் விரட்டவில்லை. காலையில் கோலம் இல்லாத வாசலைப் பார்த்தால் அந்த வீட்டில் என்னவோ என்று தெரு கேட்குமே, அதுபோல, குறி இல்லாத பானையைப் பார்த்தால் பிள்ளைகளுக்குக் கால் தரிக்காது. நான் வகுப்பில் கற்பித்த எந்தப் பாடமும் அவர்களை நாற்பது டிகிரி வெயிலில் குடத்தோடு நடக்கவைத்ததில்லை.

பணத்தைப் பற்றியும் எழுத வேண்டும், ஏனெனில் இத்தகைய வேலைகளில் அது பெரும்பாலும் பேசப்படுவதில்லை. துணி மெழுகுவதற்கும் வரைவதற்கும் நடவைச் சொல்லிக் கொடுப்பதற்கும் பாடாவின் பெண்கள் செலவிட்ட நாட்களுக்கு நாள்கூலி கொடுத்தோம்; பெற்றோர்களும் ஆசிரியர்களும் சேர்த்த தொகை அது. ஒரு கலைக்கூடத்தார் துணியை விலைக்குக் கேட்டார்கள், நல்ல விலைதான். பெண்கள் ஒரு மாலை முழுவதும் கூடிப் பேசினார்கள். அவர்களில் இளையவர்கள் இருவர், விற்றால் கிணற்றைத் தூர்வாரலாம் என்றார்கள். அது நியாயமான வாதம், நான் வாயைத் திறக்கவில்லை. முடிவில், விற்பதற்கு வேறு துணி வரைந்து தருகிறோம், நிலத்தை வரைந்ததைத் தர மாட்டோம் என்று பதில் அனுப்பினார்கள். வேறு துணி இரண்டு விற்றன. கிணறு தூர்வாரப்பட்டது.

இன்னொன்றை எழுதாமல் விட்டால் நேர்மையாகாது. 2024 அக்டோபரில் ஆரேயிலிருந்து பாந்த்ரா குர்லா வளாகம் வரை மெட்ரோ ஓடத் தொடங்கியது. 2025 மே மாதம் தாராவி நிலையமும் திறந்தது. முன்பு லோக்கல் ரயிலும் பேருந்தும் மாறி மாறி ஏறி ஒன்றரை மணிநேரம் ஆன பயணம், இப்போது குடத்தோடும் குழந்தைகளோடும் வரும் தாய்மார்களுக்கு மிகவும் சுருங்கிவிட்டது. எந்தப் பணிமனைக்காக அந்த மரங்கள் விழுந்தனவோ, அங்கிருந்து புறப்படும் ரயிலில்தான் நாங்கள் தண்ணீர் ஊற்றப் போகிறோம். முதல் முறை அப்படி வந்த அன்று, எதில் வந்தீர்கள் என்று ஆஜி கேட்டார். சொன்னேன். அவர் சிறிது நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அப்படியென்றால் இனி செவ்வாய்க்கிழமையும் வரலாம்" என்றார். அன்றிலிருந்து செவ்வாய்க்கிழமையும் போகிறோம்.

46 குழிகளில் இன்று 31 பிழைத்திருக்கின்றன. இழந்தவற்றில் ஏழு, முதல் கோடையில் கரையான் அரித்த புரசுகள். மற்றவை ஓடை பெருகி அடித்துக்கொண்டு போனவை. அத்தி ஒன்று என் தோளைத் தாண்டிவிட்டது. மோஹக் கன்றுகள் இன்னும் முழங்கால் உயரம்தான். பூக்கப் பத்து ஆண்டுக்கு மேல் ஆகும், அப்போது யார் பொறுக்குவார்கள் என்பதை ஆஜி இப்போதே பெயர் சொல்லிப் பிரித்துக் கொடுத்திருக்கிறார், எங்கள் பள்ளிப் பிள்ளைகள் இருவர் பெயரும் அந்தப் பட்டியலில் உண்டு. சமூகக்கூடத்துச் சுவரைப் பாடாவின் பெண்கள் மெழுகி மூடிவிட்டார்கள். அதன்மேல் அவர்கள் வரைந்த தார்ப்பாச் சுருள், கதவுப் பக்கம் திறந்து நிற்கிறது.

போன ஞாயிறு முறைக்கு வந்தவர், என் மாணவன் ஒருவனின் தாய். மீனோ மயிலோ வரைய வராது என்று தயங்கியவர், ஓடையோரத்து மோஹக் கன்றின் பானையை நிரப்பிவிட்டு, அதன் கழுத்தில் வரிசையாகப் புள்ளி வைத்து ஒரு சின்னக் கம்பிக்கோலத்தைச் சுற்றி இழுத்து முடித்தார். ஆஜி குனிந்து, புள்ளிகளை விரலால் தொடாமல் எண்ணினார். செவ்வாய்க்கிழமை நான் போய்ப் பார்த்தபோது அந்தக் கோலம் அங்கே இல்லை. துடைத்த ஈரம் இன்னும் காயாத கழுத்தில், பாடாவின் சிறுமி யாரோ, தார்ப்பா ஊதும் ஒருவனை வரைந்துவிட்டுப் போயிருந்தாள்.